சாவி யார் பையில் இருந்தது

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் மயங்கி விழுந்துவிட்டதாக எதிர்வீட்டுக்காரி உன் மனைவியிடம் போனில் சொன்னாளாம். அது தவறு. என் எழுபத்தொரு வயதில் நான் ஒரு தடவைகூட மயங்கியதில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு வீட்டு எண்ணையும் தெருவையும் சரியாகச் சொன்னது நான். இஸ்திரிக் கடைக்காரரிடம் துணி வாங்கி, அடிபட்ட எலக்ட்ரீஷியனின் கையைச் சுற்றியது நான். உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். உட்காருவதற்குப் பெயர் மயக்கம் இல்லை.

முதலில் உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து தொடர்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

நடந்தது இதுதான். உன் அத்தான் விட்டுவிட்டுப் போன கார் சில நாட்களாகச் சூடானவுடன் நின்றுபோய்க்கொண்டிருந்தது. அரைமணி ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். வொர்க்‌ஷாப்பிலிருந்து எலக்ட்ரீஷியனை வீட்டுக்கே அனுப்பினார்கள். ஐம்பது வயது இருக்கும். வொர்க்‌ஷாப்பில் எல்லாரும் அவரைக் ‘கையுறை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டு, ரப்பர் கையுறை மாட்டிக்கொள்வார். “டாக்டர் ஆபரேஷனுக்கு ரெடி, நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க” என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம். அவர் கண்டுகொள்வதில்லை.

வேலை முடியும் நேரத்தில் அவருக்கு ஷாக் அடித்தது. கை தூக்கிப்போட்டு, இன்ஜினோடு ஓடுகிற விசிறியில் பட்டது. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவரை போய்விட்டன. இக்னிஷனில் சாவி தொங்கிக்கொண்டிருந்ததை இஸ்திரிக் கடைக்காரர் முதல் தெருவில் எல்லாரும் பார்த்தார்கள்.

நான் உன்னிடம் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான். காரில் இருப்பது பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அது எப்படி ஒரு ஆளைத் தூக்கிப்போடும்? நீ அந்த வேலையில் முப்பது வருடம் இருந்தவன். என் காதுக்குப் போன் சரிப்படாது. எழுது.

உன் நலம் கோரும்,
அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

முதுகு பரவாயில்ல. குனிஞ்சா நிமிர முடியல, நிமிர்ந்தா குனிய முடியல, அதனால நடுவுல நிக்கறேன். கண்ணுக்கு மருந்தை நேரம் தவறாம போடு. நான் பேசற மாதிரிதான் எழுதுவேன், நீ சிவப்பு மையை எடுக்காதே.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரியோட நிக்கறதில்ல. பேட்டரியில இருந்து வர்றதை இக்னிஷன் காயில்னு ஒரு கம்பிச்சுருள் வாங்கி, இருபதாயிரம் முப்பதாயிரம் வோல்ட்டா ஏத்தி பிளக்குக்கு அனுப்பும். உன் கார்ல, காயிலுக்குக் கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கற பழைய பாயிண்ட் செட்டைக் கழட்டிட்டு எலக்ட்ரானிக் பெட்டி வச்சதே நான்தானே. பாயிண்ட் இருந்த காலத்துல அடிச்சா “அம்மா”ன்னு கத்திட்டுக் கையை உதறிக்கலாம். எலக்ட்ரானிக்ல அடி அதைவிட பலம். நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர் வச்சவங்களைப் பானெட் கிட்டயே விடமாட்டேன் நான். நல்ல ஆளுக்குக்கூட, அடிச்ச அடியைவிட அடிச்சவுடனே கை எங்க போய் விழுதுங்கறதுதான் ஆபத்து. அன்னிக்கு நடந்ததும் அதுதான்.

அதனாலதான் எங்க தொழில்ல சில பழக்கம் உண்டு. பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டிடணும். வயரைத் தொடணும்னா ரப்பர் பிடி போட்ட கொறடு. பிளக் வயரைச் சும்மா தொங்கவிட்டு இன்ஜினைச் சுத்தக்கூடாது, ஆளுக்கும் ஆபத்து, அந்தப் பெட்டியும் போயிடும். இது எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: வேலை முடியறவரை கார் சாவி வேலை செய்யறவன் சட்டைப் பையில இருக்கணும். வண்டிக்காரர் கலெக்டரா இருந்தாலும் கொடுக்கக்கூடாது. என் பையில இருந்து சாவியை எடுத்த ஒரு ஆளை நான் அடிச்சிருக்கேன்.

எனக்கு ஒண்ணு புரியல. மோதிரத்தைக்கூட கைக்குட்டையில முடிஞ்சு வைக்கற மனுஷன் சாவியை இக்னிஷன்ல விட்டுட்டு வேலை செய்வாரா? அப்படியே விட்டிருந்தாலும் சாவி தானா திரும்பாது. விசிறி ஓடிச்சுன்னு எழுதியிருக்கே. அப்போ சீட்ல உட்கார்ந்திருந்தது யாரு?

உடம்பைப் பார்த்துக்கோ.

தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் இருக்கிறவன் டாக்டரிடம் போக வேண்டும், நகைச்சுவை எழுதக் கூடாது. எனக்குக் கண் பரவாயில்லை. கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை, வயது.

காயிலைப் பற்றி நீ எழுதியது தெளிவாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

வொர்க்‌ஷாப் முதலாளி போன வாரம் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒரே ஒரு கேள்விதாம்மா. சாவி எங்க இருந்துச்சு?”

“காரில் இருந்தது.”

“இக்னிஷன்லயா?”

“ஆமாம்.”

“அவ்வளவுதான் எனக்குத் தெரியணும். சாவி சட்டைப் பையில இருக்கணும்ங்கறது எங்க கடைச் சட்டம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே அவன்தான். புதுசா யார் வந்தாலும் அவன்தான் பாடம் எடுப்பான். கடைசில வாத்தியாரே பெயில்.”

என்னிடம் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், முழு வாக்கியத்தில் சொல் என்றுதான் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களைப் பழக்கினார்கள். அப்படித்தான் இன்றுவரை இருக்கிறேன்.

அந்த எலக்ட்ரீஷியனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கை ஆறின பிறகும் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். மற்ற வொர்க்‌ஷாப்களுக்கும் செய்தி போய்விட்டது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் அழவில்லை, “இவர் அப்படிச் செய்யமாட்டாரே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டையை நர்ஸ் ஒரு பையில் போட்டு என்னிடம்தான் கொடுத்திருந்தாள். இரத்தக்கறை போகத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுநாள் அந்தப் பெண்ணிடம் சேர்த்தேன். செய்ய வேண்டியதை நான் எதுவும் விட்டுவைக்கவில்லை.

உன் பேத்தி பரீட்சை எழுதிவிட்டாளா?

உன் நலம் கோரும்,
அக்கா

*

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

நலம். பேத்தி பாஸ். டாக்டர்கிட்டயும் போனேன், பெல்ட் கொடுத்திருக்கார், கட்டிக்கிட்டா போலீஸ்காரன் மாதிரி இருக்கேனாம்.

நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதல. சரி, வேற மாதிரி கேக்கறேன். அத்தான் இருந்தப்போ, அடிக்கடி சாவியை உள்ள வச்சே கார் கதவைப் பூட்டிடறேன்னு, இன்னொரு சாவி வெட்டி அனுப்பச் சொன்னார். நான்தான் என் கையால ராவி அனுப்பினேன். அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். அந்த ரெண்டாவது சாவி இப்போ எங்க இருக்கு?

தம்பி

*

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

பேத்தி தேறியது பற்றி மிகுந்த மகிழ்ச்சி. ஒரு அகராதி அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அவள் பெயரை நானே எழுதியிருக்கிறேன்.

இங்கே வெயில் அதிகம். முன்னறைத் திரைச்சீலைகளை மாற்றினேன். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதையும் சரி செய்தாயிற்று. கார் அப்படியே ஷெட்டில் நிற்கிறது. உறை போட்டு மூடியிருக்கிறேன். அதை இனி யாரும் தொட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

பெல்ட்டை டாக்டர் சொன்ன நேரம் முழுவதும் கட்டிக்கொள். வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

என் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் இல்லை. அகராதி வந்து சேர்ந்ததா என்றுகூட ஒரு வரி இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதை உன் மனைவி மூலம் தெரிந்துகொண்டேன். ஆகவே இது வேண்டுமென்றே செய்வது. கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பது நம் வீட்டுப் பழக்கம் இல்லை.

நேற்று அந்த எலக்ட்ரீஷியன் வந்திருந்தார்.

வாசல்மணி அடித்தபோது பால்காரர் என்று நினைத்துத் திறந்தேன். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். அந்தக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்த்துவிடக் கூடாது என்று மறைத்தார், தம்பி. அவர் மறைத்தார்.

“வண்டியைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டேன்மா. அந்தப் பெட்டி மாட்டியாச்சு. வயர் ஒண்ணு ரெண்டு சரியா உட்காந்துச்சான்னு பார்க்கணும். வேற யாரையாவது கூட்டிட்டு வந்து பக்கத்துல நின்னு சொல்றேன். மனசுல உறுத்திட்டே இருக்கு.”

நான் வேண்டாம் என்றேன். தலையாட்டினார். ஆனால் போகவில்லை.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்க. நான் சாவியைப் பையில போட்டேனா?”

நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். அவர் நிறுத்தவில்லை.

“போட்டேன்னுதான் எனக்கு ஞாபகம். போட்டுட்டுப் பை பொத்தானை மாட்டினதுகூட ஞாபகம் இருக்கு. அந்த தைரியத்துலதான் கையுறையைக் கழட்டினேன். காயிலோட நடு வயர்ல ஒரு சின்ன கிளிப், கையுறையோட பிடிபடல. ஆனா சாவி கார்ல இருந்துச்சுன்னு பத்துப் பேர் பார்த்திருக்காங்க. பத்துப் பேர் பொய் சொல்லுவாங்களா? அப்போ என் ஞாபகம்தான் பொய்.” அவர் சிரித்தார். “இப்பல்லாம் அடுப்பை அணைச்சேனான்னு மூணு தடவை போய்ப் பார்க்கறேன். கதவைப் பூட்டிட்டுத் தெருமுனையில இருந்து திரும்பி வர்றேன். என் சம்சாரம், ‘கதவை நீங்களே முதுகுல கட்டித் தூக்கிட்டுப் போங்க’ங்கறா. ஒரு கடையில பார்க்கிங் டோக்கன் கொடுக்கற வேலை கிடைச்சிருக்கு. அதுலயும் டோக்கனைக் கொடுத்தேனா இல்லையான்னு சந்தேகம் வருது.”

நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே குழாயடியில் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு உடம்பு ஒன்றும் இல்லை. நீ எழுது.

அக்கா

*

ஜூலை 1

அக்காவுக்கு,

அகராதி வந்துச்சு. பேத்தி அதைத் தலைக்கு வச்சுத் தூங்கறா. முதுகு பரவாயில்ல.

பதில் எழுதாம இருந்தது வேணும்னேதான். திரைச்சீலையைப் பத்தி நீ ஒரு கடிதம் எழுதினே பாரு, அதுக்கு என்ன பதில் எழுதறது? நல்ல நிறமான்னு கேட்கவா?

இனிமே சாவியைப் பத்திக் கேட்கமாட்டேன். நீ பொய் சொல்லியிருக்கமாட்டே, தெரியும். உனக்குப் பொய் சொல்ல வராது. அதான் கஷ்டமே.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க தொழில்ல விரல் போனவன் எத்தனையோ பேர் வேலை செய்யறான். என் கடையிலேயே ஒருத்தர் இருந்தார், மூணு விரலாலயே திருகாணியை எடுத்துப் போடுவார், அஞ்சு விரல்காரன் வாயைப் பிளந்துட்டு நிப்பான். ஆனா “நான் இதைச் செஞ்சேனா”ன்னு தன்மேலேயே சந்தேகம் வந்தவனை முப்பதாயிரம் வோல்ட் பக்கத்துல நிக்கவிட முடியாது. விரலை விசிறி எடுத்துக்கிச்சு. இது வேற. இதை எடுத்தது விசிறி இல்ல.

நீ என்னை உன் வீட்டுக்கு வந்தவங்ககிட்ட “இன்ஜினியரிங் துறையில இருக்கான்”னு சொல்லுவே, ஞாபகம் இருக்கா? நான் கையைப் பின்னால வச்சுட்டு நிப்பேன், கிரீஸ் தெரிஞ்சிடக்கூடாதுன்னு. அந்த ஆள் உன் வாசல்ல கையைப் பின்னால வச்சு நின்னார்னு படிச்சப்போ, அதுக்கப்புறம் என்னால சாப்பிட முடியல.

மருந்து போட்டுக்கோ.

தம்பி

*

ஜூலை 12

தம்பி,

உன் கடிதம் வந்து எட்டு நாளாயிற்று. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கிரீஸைப் பற்றி எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அதைக் கவனித்ததில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது. கவனித்தேன்.

இனி நடந்ததை எழுதுகிறேன். கேட்டதற்கு மட்டும் அல்ல, எல்லாவற்றையும்.

அவர் வந்தவுடன் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். நான் பார்த்தேன். பேட்டரி வயரைக் கழற்றினார். பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பன்னிரண்டு மணிக்குக் கண் டாக்டரிடம் நேரம். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் “ஒரு நிமிஷம் இருங்கம்மா” என்றார். சாவியைக் கொடுங்கள், நான் உள்ளே உட்கார்ந்து தயாராக இருக்கிறேன் என்றேன். “வேலை முடியாம சாவி தரமாட்டேம்மா, பழக்கம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இஸ்திரிக் கடைக்காரரும் சிரித்தார்.

என் வீட்டு வாசலில், என் காரின் சாவியை, குழந்தையிடமிருந்து கத்திரிக்கோலை வாங்கி வைப்பதுபோல வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக் எனக்குத் தரமாட்டேன் என்கிறான் என்று எனக்குத் தோன்றியது. மனதுக்குள் ‘என்கிறான்’ என்றுதான் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். உள்ளே போனேன். அலமாரி இழுப்பறையிலிருந்து நீ வெட்டிக் கொடுத்த சாவியை எடுத்துவந்து காரில் உட்கார்ந்தேன். பானெட் தூக்கியிருந்ததால் அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. பேட்டரி வயரை மாட்டும் சத்தம் கேட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. முடிந்திருக்கும் என்று நினைக்க விரும்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் “ஒரு நிமிஷம்” என்பார் என்று தெரியும். ஆகவே கேட்கவில்லை. திருப்பினேன். வண்டி கிளம்பினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

நான் இறங்கி ஓடினேன். யாரும் என்னை சீட்டில் பார்க்கவில்லை. எல்லாரும் ஓடிவந்தபோது நான் அவர் பக்கத்தில் இருந்தேன். சாவி இக்னிஷனில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொடுத்த சட்டையைத் துவைக்கும்போது பொத்தான் போட்ட பையில் முதல் சாவி இருந்தது. அதை எடுத்தேன். என் சாவிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டையை மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தபோது அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “எங்களுக்காக இவ்வளவு செய்யறீங்களே” என்றாள்.

நேற்று முன்தினம் அவர் வேலை செய்யும் கடைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஒரு கார் உள்ளே வந்தது. டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். கார் நகர்ந்த பிறகு டோக்கன் புத்தகத்தில் நின்ற அடிக்கட்டையைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். மறுபடி அடிக்கட்டையைப் பார்த்தார். பிறகு காரின் பின்னாலேயே நடந்து போய், “சார், டோக்கன் கொடுத்தேன்ல?” என்று கேட்டார். உள்ளே இருந்தவர், “கொடுத்துட்டு நீயே கேக்கறியே, வேலைக்கு நல்ல ஆளா பார்த்து வச்சிருக்காங்க” என்றார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். ஆட்டோக்காரர், “என்னம்மா, ஒண்ணும் வாங்கலையா” என்று கேட்டார்.

இதை எழுதி முடித்த பிறகு மனம் இலேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

அக்கா

*

ஜூலை 22

அக்கா,

படிச்சேன். கடிதத்தை இங்க யாருக்கும் காட்டல.

ஆனா இது எனக்கு எழுத வேண்டிய கடிதம் இல்ல. நான் உன் தம்பி. நீ கொலையே பண்ணிட்டு வந்தாலும் “சாப்பிட்டியா”ன்னுதான் முதல்ல கேட்பேன். என்கிட்ட சொல்றது சுலபம்.

உன் கடிதத்தைப் படிச்சுட்டு ராத்திரி பூரா அந்த மனுஷனைத்தான் நினைச்சேன். உன்னை அப்புறமாத்தான் நினைச்சேன். கோவிச்சுக்காதே.

சாப்பிட்டியா?

தம்பி

*

ஆகஸ்ட் 3

மதிப்புக்குரிய எலக்ட்ரீஷியன் அவர்களுக்கு,

உங்கள் கையின் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் குத்துகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் மனைவியின் நலத்தையும் விசாரிக்கிறேன்.

ஜூன் மாதம் என் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். அது பதில் இல்லை. பதில் இது:

நீங்கள் சாவியைப் பையில் போட்டீர்கள். பொத்தானையும் மாட்டினீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடிபட்டு நீங்கள் விழுந்த நேரத்திலும் அந்தச் சாவி அந்தப் பையில்தான் இருந்தது. உங்கள் சட்டையைத் துவைக்கும்போது அதை எடுத்து ஒளித்தவள் நான். காரில் எல்லாரும் பார்த்தது வேறொரு சாவி. வீட்டுக்குள் இருந்து அதை எடுத்துவந்து, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருப்பியதும் நான்தான். நீங்கள் மறந்தது ஒன்றுமில்லை. நீங்கள் செய்யத் தவறியது ஒன்றுமில்லை. உங்கள் ஞாபகம் சரி. அந்தப் பத்துப் பேர் பார்த்ததும் சரி. நடுவில் இருந்தவள் நான்.

ஏன் திருப்பினேன் என்றால், எனக்குச் சாவி தரமாட்டேன் என்று நீங்கள் சொன்னது எனக்கு அவமானமாக இருந்தது. இதைவிட நல்ல காரணம் ஒன்றைத் தேடினேன். இல்லை.

செவ்வாய்க்கிழமை வொர்க்‌ஷாப்புக்குப் போய் இதையே முதலாளியிடம் சொன்னேன். அறைக்குள் வாருங்கள் என்றார். வேண்டாம், வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி இங்கேயே சொல்கிறேன் என்றேன். யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வயதானவர் மட்டும், “கையுறை அஞ்சு மாசமா கடைப்பக்கமே தலைகாட்டலம்மா, வெட்கப்பட்டுக்கிட்டு” என்றார். முதலாளி, “இப்ப வந்து சொல்றீங்களேம்மா” என்றார். இதையே நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் மேசை இழுப்பறையில் வைக்கப் போனார். கருவிகள் தொங்கும் சுவரில் ஒட்டச் சொல்லி, நாலு மூலையிலும் டேப் ஒட்டும்வரை நின்றுவிட்டு வந்தேன். உங்களை மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார். அவர் கூப்பிட்டால் போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

அன்று உங்கள் மனைவி என் கைகளைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டது எல்லாவற்றையும்விட என்னை வெட்கப்பட வைக்கிறது.

மன்னிப்புக் கேட்டு உங்களைச் சங்கடத்தில் விடமாட்டேன். நேரில் வந்தால், வயதானவள் என்பதற்காக நீங்கள் “பரவாயில்லம்மா” என்று சொல்லிவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம். அதனால்தான் நான் வரவில்லை. நீங்களும் வர வேண்டாம்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இதைப் படித்த பிறகு அடுப்பை எத்தனை தடவை பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இடது கையால் எழுதினாலும் சரி, மனைவியை எழுதச் சொன்னாலும் சரி. என்னைத் திட்ட வேண்டியதும் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். தபால்தலை ஒட்டிய உறை இதனுடன் இருக்கிறது. தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் சாவியைக் கொடுத்த வீட்டுக்காரி